நண்டு வாடியில் ஒரு சிட்டை நிரல்: எடிட்டரா, ஐடிஇ-யா?

ஜூன் 16, விடிகாலை நாலரை மணி. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், வேதாளை ஊர்களுக்கு இடையில், கடலை ஒட்டிய ஒரு நண்டு வாடி, அதாவது படகுகளிடம் நண்டு வாங்கும் கொட்டகை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் தடவையாகக் கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. தராசுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன்மேல் ஒரு பழைய லேப்டாப், சிட்டை அடிக்க ஒரு சின்ன பிரிண்டர். என் அக்காவின் இளைய மகன், படகுக்காரர்களுக்கான சிட்டையை, அதாவது கணக்குச் சீட்டை, அடிக்கும் நிரலை ஓடவிட்டான். 'இந்தப் பெயரில் மாட்யூல் இல்லை' என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

வாடி முதலாளியை ஊரே காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடும். அவர் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் டிராயரைத் திறந்து, கார்பன் வைத்த பழைய சிட்டைப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். "அதை ஓரமா வைங்க தம்பி, படகுக்காரங்க நிக்கிறாங்க."

இதே நிரல் அந்த மாதத் தொடக்கத்தில் ராமநாதபுரத்தில் அக்கா வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்று வாரம் கழித்து அதே வாடியில் இன்னொரு பிழை வந்தது. அது முதல் பிழைக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் காரணம் தேடிப் போனால், எந்தக் கருவியில் உட்கார்ந்து நிரல் எழுதினார்கள் என்பதில்தான் போய் நிற்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

வேலை என்ன

வாடிக் கணக்கு வெளியிலிருந்து பார்த்தால் எளிது. படகு கொண்டுவரும் நண்டைத் தரம் பிரித்து நிறுப்பார்கள். அன்றைக்கு நண்டு வாங்கும் கம்பெனி சொன்ன விலையைப் போட்டுப் பெருக்குவார்கள். அதில் படகுக்காரர் ஏற்கெனவே வாங்கிய முன்பணத்தில் ஒரு பங்கு, ஐஸ், சில சமயம் டீசல் என்று பிடித்தங்கள் கழியும். மீதியைச் சிட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். நண்டோடு கணவாய், கொடுவா என்று நாலைந்து பெயர்கள் சேர்ந்து வரும். கூட்டம் இருக்கும் நாளில் இதையெல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது, கூட்டலில் அங்கங்கே தப்பு வருகிறது என்பதால்தான் காக்கா எங்களிடம் கேட்டார்.

அக்காவுக்கு இரண்டு மகன்கள். பெரியவன் பொறியியல் முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறான். 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், விண்டோஸ், பைத்தான் மொழியில் நிரல் எழுத பைச்சார்ம் என்ற ஐடிஇ. சின்னவன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவனிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், அதில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறான். எழுத விம், கொஞ்சம் ஜீனி, இரண்டும் எடிட்டர்கள். விம் பழக்கம் என்னிடமிருந்து தொற்றியது. பதினைந்து வருஷமாக நான் விம்-காரன். அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் என் சாய்வும் ஒரு பங்கு வகிக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எடிட்டர் என்பது எழுத, திருத்த, சேமிக்க. நிரலை ஓட்டுவதும் பிழை தேடுவதும் வெளியே, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் நடக்கும். ஐடிஇ (ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல்) என்பதில் எழுதுவது, ஓட்டுவது, பிழை தேடுவது, பெயர் மாற்றுவது எல்லாம் ஒரே கூரையின் கீழ். இந்த ஏற்பாட்டை மலிவாக எல்லார் கைக்கும் கொண்டுவந்தது 1983-இல் வந்த டர்போ பாஸ்கல், விலை 49.95 டாலர். நம் ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அதன் தம்பியான டர்போ சி-யின் நீலத்திரை நினைவிருக்கும். சி மொழி என்றாலே அந்த நீலத்திரைதான் என்று நான் முதல் வருஷம் முழுக்க நம்பியிருந்தேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தனி, எடிட்டர் தனி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மயக்கம் என் தலைமுறையோடு போகவில்லை என்பது வாடியில் தெரிந்தது.

முதல் பிழை

பெரியவன் தடைக்காலத்தில் ஊருக்கு வந்து, மூன்று வாரத்தில் நிரலை எழுதி முடித்தான். வேகம் ஆச்சரியமாக இருந்தது. ஒரு பெயரைப் பாதியில் மாற்றினால் பத்துக் கோப்புகளிலும் தானே மாறிவிடும். வேண்டிய லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, ஒரு கிளிக்கில் போட்டுக்கொள்ளும். பச்சை அம்புக்குறியை அழுத்தினால் நிரல் ஓடும். ஜூன் முதல் வாரம் அவன் சென்னைக்குக் கிளம்பினான். கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டுத் தம்பியிடம் கொடுத்தான். வாடி லேப்டாப்பும் வயதானது. அதிலும் சின்னவன் லினக்ஸ்தான் போட்டிருந்தான். முதல் நாளுக்கு முன்னால் ஒரு தடவை வாடியிலேயே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அந்தப் பச்சை அம்புக்குறி பின்னால் செய்த வேலைகள் இவை. எங்கள் திட்ட ஃபோல்டரை பைத்தான் தேடும் பாதையில் தானாகவே சேர்த்திருந்தது. அதனால் ஒரு கோப்பு இன்னொன்றைக் கூப்பிட்டபோது சிக்கல் வரவில்லை. எந்த ஃபோல்டரில் நின்று ஓட வேண்டும் என்பதையும் அதுவே வைத்திருந்தது. அதனால் விலைப்பட்டியல் கோப்பு உடனே கிடைத்தது. லைப்ரரிகள் எல்லாம் இந்தத் திட்டத்துக்கென்று அது உருவாக்கிக் கொடுத்த தனிச் சூழலுக்குள் இருந்தன. மூன்றும் உதவிதான், நல்ல எண்ணத்தோடு செய்த உதவி. ஆனால் மூன்றில் ஒன்றுகூட நாங்கள் எழுதிய நிரலுக்குள் இல்லை. பென்டிரைவில் வந்தது நிரல் மட்டும்.

விடிகாலையில் சின்னவன் அண்ணனைக் கூப்பிட்டான். "டேய், அங்கேயே பைச்சார்ம் இறக்கிப் போடு, ஒரே கிளிக்கில் ஓடிடும்" என்றான் அண்ணன். வாடியில் சிக்னல் கடலலை மாதிரி, வரும் போகும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அதை இறக்கி முடிக்கவே வெயில் ஏறிவிட்டது. முதல் தடவை திறந்ததும் அது கோப்புகளையும் லைப்ரரிகளையும் படித்து அட்டவணை போட உட்கார்ந்தது. ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஓடும் பெரிய மென்பொருள் அது. 4 ஜிபி ரேம் அதற்கு எந்த மூலைக்கு? ஃபேன் இரைந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் ஓடியும் இருக்கலாம். அதற்குள் படகுக்காரர்கள் போய், வாடியைக் கழுவியும் விட்டார்கள்.

அன்று பகலில் சின்னவன் உட்கார்ந்தான். எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதினான். விலைப்பட்டியலின் பாதையை, நிரல் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும்படி மாற்றினான். எல்லாவற்றையும் தயார் செய்து ஓட்டும் ஆறு வரி ஸ்கிரிப்ட் ஒன்று வேண்டும். அண்ணன் விண்டோஸில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பினான். அதுவும் ஓடவில்லை! கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, 'அப்படி ஒன்று இல்லை' என்கிறது கணினி. ஜீனியில் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அடியில் ஓடும் நிலைப்பட்டியில், வரி முடிவு விண்டோஸ் வகை என்று சின்ன எழுத்தில் காட்டியது. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். அந்தக் கூடுதல் குறி முதல் வரியில், கட்டளைகளை ஓட்டும் ஷெல் என்ற நிரலின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, இல்லாத ஒரு பெயரைத் தேட வைத்திருக்கிறது. மெனுவில் ஒரு தட்டு, சரியாகிவிட்டது.

அடுத்த நடையில் படகுகள் வந்தபோது நிரல் ஓடியது. நான் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வப்பட்டேன். 'பார்த்தியா, எடிட்டர்தான் கடைசியில் காப்பாத்துச்சு' என்று பெரியவனுக்கு வாட்ஸப்பில் செய்திகூட அனுப்பினேன்.

இடையில் தமிழ்

இது எந்தக் கருவிச் சண்டையிலும் யாரும் பேசாத விஷயம், ஆனால் எங்களுக்கு அரை வாரத்தைத் தின்றது. சிட்டை தமிழில் வேண்டும் என்பது காக்காவின் ஒரே நிபந்தனை. பிரிண்டர் 58 மில்லிமீட்டர் தாளில் அடிப்பது. குறுக்கே 384 புள்ளிகள். அதற்குள் இருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஆகவே ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும்.

பெரியவன் பெயர்களுக்குப் பின்னால் இடைவெளி நிரப்பி, விலைகளை நேர்க்கோட்டில் நிறுத்தப் பார்த்தான். சிட்டை கோணலாக வந்தது. 'நண்டு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: ந, ண, புள்ளி, ட, உகரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் பதினைந்து பைட். 'கணவாய்' நமக்கு நான்கு, கணினிக்கு ஆறு. எழுத்தை எண்ணி இடைவெளி விட்டால் எப்படி நேராக வரும்? எழுத்துருவை வைத்து, வரி எத்தனை புள்ளி அகலம் என்று அளந்து, விலையை வலது ஓரத்திலிருந்து நிறுத்திய பிறகுதான் நேரானது.

இதில் என் விம் தோற்ற கதையும் உண்டு. டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில் பிறந்தது. 'கொடுவா' என்று எழுதினால், கொ-வின் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். சின்னவனின் டெர்மினலில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி நின்றது. கர்சர் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் ஒரு புள்ளியை அழிக்கப் போய் முழு எழுத்தையும் அழித்தான். மீன் பெயர்க் கோப்பை மட்டும் ஜீனியில் திறப்பது என்று முடிவானது. ஜன்னலாகத் திறக்கும் எடிட்டர்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. தமிழில் தரவு வைத்து வேலை செய்பவர்கள் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் அதில் 'கொடுவா' என்று தட்டி, பின்னோக்கி அழித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது பிழை

ஜூலை முதல் வாரம் ஒரு நாட்டுப்படகுக்காரர் சிட்டையோடு வந்தார். "எனக்கு ஐஸ் 160 ரூபாய்க்குத்தான் தந்தீங்க. 400 பிடிச்சிருக்கு." ஐஸ் நோட்டைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. காக்கா வித்தியாசத்தைக் கையோடு கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பிடித்தங்களைக் கூட்டும் அந்தப் பகுதியைச் சின்னவன் வாடியில் உட்கார்ந்து, விம்மில், அவசரத்தில் சேர்த்திருந்தான். இரண்டு ராத்திரி தேடினான். அங்கங்கே பிரிண்ட் வரிகளைச் செருகி, ஒரு படகின் கணக்கைப் போட்டுப் பார்ப்பான். சரியாக வரும். நிரலை மூடித் திறந்து இன்னொரு படகு. அதுவும் சரியாக வரும். வீட்டில் வராத பிழை வாடியில் மட்டும் வருகிறது. லேப்டாப்பில் உப்புக்காற்று ஏறிவிட்டதோ என்றுகூடப் பேசினோம். அதற்கு முந்தின வாரம்தான் எஸ்கேப் பொத்தான் இறுகிப்போயிருந்தது. விம்-காரனுக்கு எஸ்கேப் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. கண்ட்ரோலோடு சதுர அடைப்புக்குறியை அழுத்தி ஓட்டிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பெரியவன் ஊருக்கு வந்தான். தம்பியின் கோப்பை பைச்சார்மில் திறந்தான். பிடித்தங்களைக் கூட்டும் ஃபங்ஷனின் (பெயரிட்டுக் கூப்பிடும் நிரல் துண்டின்) முதல் வரியிலேயே லேசான ஒரு நிறப்பூச்சு. சுட்டியைக் கொண்டுபோனால், 'இயல்பு மதிப்பு மாறக்கூடியது' என்ற எச்சரிக்கை. அவன் அதை உடனே நம்பவில்லை. அந்த இடத்தில் நிரலை நிறுத்திப் பார்க்க உதவும் பிரேக்பாயிண்ட் வைத்து, நிரலை ஓட்டி, மூன்று படகுகளை அடுத்தடுத்து உள்ளிட்டான். இரண்டாவது படகுக்காக உள்ளே நுழைந்த கணத்தில் நிரல் நின்றது. இன்னும் எதையும் சேர்க்கவில்லை, ஆனால் பிடித்தப் பட்டியலில் ஏற்கெனவே ஒரு வரி: ஐஸ், 240. முதல் படகின் ஐஸ்.

இயல்பு மதிப்பு என்பது நாம் எதுவும் தராதபோது ஃபங்ஷன் தானே எடுத்துக்கொள்வது. பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்கு அப்படிக் காலி லிஸ்ட் (பட்டியல்) ஒன்றை வைத்தால், ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு தடவைதான் அது உருவாகும். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிது வராது. முதல் படகின் நண்டைக் கொட்டிய கூடையைக் காலி பண்ணாமல் அடுத்த படகுக்கு நீட்டுவது போல. முன்பணம், டீசல் என்று ஏற்கெனவே பிடித்தம் உள்ள படகுகளுக்குத் தனிப் பட்டியல் போகும், அவற்றில் பிழை இல்லை. ஐஸ் மட்டும் எடுத்த படகுகளில்தான் தப்பு. ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ. சின்னவன் ஒவ்வொரு சோதனைக்கும் நிரலை மூடித் திறந்ததால் கூடை ஒவ்வொரு தடவையும் காலியாகிவிட்டது. அவனுடைய சோதனை முறையே பிழையை மறைத்துக்கொண்டிருந்தது.

பத்து நிமிஷம். இரண்டு ராத்திரிக்கு எதிராகப் பத்து நிமிஷம். ஐஸ் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பழைய சிட்டைகளைப் புரட்டியதில் பதினொன்று தப்பாக இருந்தன. காக்கா எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார். பெரியவன் என் வாட்ஸப் செய்தியை ஒன்றும் சொல்லாமல் எனக்கே திருப்பி அனுப்பினான்.

எதை எடுத்தோம்

ஐடிஇ-யா எடிட்டரா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எழுதும் நேரத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். எங்களுக்கு எழுதியது மூன்று வாரம். திருத்துவது இன்னும் நடக்கிறது, அதுவும் வாடியில், நல்ல நாற்காலிகூட இல்லாத மேசையில். ஆகவே நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: நிரல் எங்கே உடையும், அப்போது அங்கே இருக்கும் ஆள் யார், அவர் கையில் என்ன இருக்கும்? அந்த ஆள் சின்னவன். அவன் கையில் இருப்பது 4 ஜிபி லேப்டாப்பும் வந்து போகும் சிக்னலும்.

இப்படிப்பட்ட இடத்துக்காகவே பிறந்தது விம்மின் மூதாதையான வி-ஐ. 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் அதை எழுதியபோது, 300 பாட் மோடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நொடிக்கு முப்பது எழுத்து அளவுக்குத்தான் வந்து சேரும். அதனால்தான் அதன் கட்டளைகள் அவ்வளவு சுருக்கம். இன்றைக்கும் சென்னையிலிருந்து பெரியவன் வாடி லேப்டாப்புக்குள் நுழைய வேண்டும் என்றால், அந்தச் சிக்னலில் தாக்குப்பிடிப்பது டெர்மினல் எடிட்டர்தான். அவனும் வேண்டாவெறுப்பாக நாலு கட்டளை கற்றுக்கொண்டான்.

ஆனால் இரண்டாவது பிழை என் வாயை அடைத்ததும் உண்மை. அந்த எச்சரிக்கை ஐடிஇ-க்கு மட்டுமே சொந்தமான அறிவு இல்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் யோசித்தோம். பைலிண்ட் என்ற சின்னக் கருவி டெர்மினலிலேயே இதே எச்சரிக்கையைத் தரும். 2016-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த மொழிச் சேவையக நெறிமுறைக்குப் பிறகு, ஒரு மொழியைப் பற்றிய அறிவை ஒரு தடவை எழுதினால் எந்த எடிட்டரும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடிகிறது. எடிட்டருக்கும் ஐடிஇ-க்கும் நடுவில் இருந்த சுவர் அதோடு பாதி இடிந்துவிட்டது. சின்னவன் இப்போது சேமிக்கும்போதெல்லாம் பைலிண்ட் ஓடும்படி வைத்திருக்கிறான். அதன் முணுமுணுப்பு சில சமயம் எரிச்சல்தான், பொறுத்துக்கொள்கிறான்.

அப்படியென்றால் விஷுவல் ஸ்டுடியோ கோடு போதுமே என்பார்கள். 2015-இல் வந்தது, எடிட்டராகத் தொடங்கி நீட்சிகள் சேரச் சேர ஐடிஇ ஆகிவிடும். சின்னவனின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம், ஓடியது. பிரௌசரும் கூடவே திறந்திருந்தால் மூச்சு வாங்கியது. அதைவிட, ஓட்டும் விவரங்களைத் தன்னுடைய தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கும் உண்டு. கவனிக்காமல் விட்டால் ஜூன் 16 திரும்ப வரும்.

முடிவில் கருவியை நாங்கள் யாருக்கும் விதிக்கவில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: நிரல் எந்த ஐடிஇ-யும் இல்லாத புது லேப்டாப்பில் அந்த ஆறு வரி ஸ்கிரிப்டால் ஓட வேண்டும். பெரியவன் வீட்டில் பைச்சார்மில் எழுதட்டும், பிழை தேடும் டீபக்கரும் அவன் கையில் இருக்கட்டும். வாடிக்குப் போகும் முன் தம்பியின் லேப்டாப்பில் டெர்மினலில் ஓட்டி, ஒரே ஓட்டத்தில் ஐந்து படகுக்காவது சிட்டை அடித்துப் பார்க்க வேண்டும்.

காக்கா செல்போனில் ஓடுகிற மாதிரி கேட்டபோது மட்டும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆண்ட்ராய்டு செயலியை எடிட்டரில் எழுத முடியாது என்றில்லை, ஆனால் அந்த வழியில் போகச் சின்னவனுக்கு நான் சொல்ல மாட்டேன். அதற்கான ஐடிஇ-யான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோ குறைந்தபட்சமே 8 ஜிபி ரேம் கேட்கிறது. அவனுக்கு வேறு லேப்டாப் கிடைக்கும்வரை அது தள்ளிப்போகட்டும் என்றோம். காக்காவும் சரி என்றுவிட்டார்.

எஸ்கேப் பொத்தான் இன்னும் சரியாகவில்லை. மேசையின் டிராயரில் கார்பன் புத்தகமும் அப்படியே இருக்கிறது. ஒரு நாள் காலியானதைப் பார்த்து நாங்களே ராமநாதபுரத்திலிருந்து புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போய் வைத்தோம்.